சுழலும் உருளையில் ஓர் அமானிதம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், திருமங்கலத்திலிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் கடையநல்லூர். தறிச் சத்தத்திற்குப் பெயர் பெற்றிருந்த அவ்வூரின் முஸ்லிம் பெருமக்கள், நெசவு நலிவுற்று வறுமை சூழ்ந்த காலங்களில் பிழைப்புத் தேடிக் கடல் கடந்தனர். மற்ற பல ஊர்களிலிருந்து ஆண்கள் மட்டுமே சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் சென்று திரும்ப, கடையநல்லூர், தென்காசி மக்களோ மனைவி மக்களுடன் சென்று குடியேறினர். சிங்கப்பூரில் 1941-ஆம் ஆண்டில் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்னும் அமைப்பைத் தோற்றுவித்ததும், 1946-இல் சீறாப்புராணம் தந்த உமறுப் புலவரின் பெயரால் அங்கே ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் கண்டதும் அவர்களே.

தறியை விட்டவர்கள் கடைக்குச் சென்றனர். கடையை விட்டவர்கள் வளைகுடாவுக்குச் சென்றனர். இன்று அவ்வூரிலும் அதனைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இளைஞர்கள் பலர் நாடும் தொழில்களுள் ஒன்று கனரக வாகனம் ஓட்டுதல். அவற்றுள்ளும் கான்கிரீட் கலவை லாரி ஓட்டுநருக்கு உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் தேவை மிகுதி. ‘ட்ரான்சிட் மிக்சர்’ என்றும், சுருக்கமாக ‘டி.எம். வண்டி’ என்றும் தொழிலாளர் அழைக்கும் அவ்வாகனத்தை நாம் அனைவரும் சாலையில் பார்த்திருக்கிறோம். முதுகில் ஒரு பெரிய உருளையைச் சுமந்துகொண்டு, அதனை ஓயாமல் சுழற்றியபடியே செல்லும் வண்டி அது.

லாரி ஓட்டத் தெரிந்தவர் எவரும் இதனையும் ஓட்டிவிடலாம் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அப்படியன்று. மற்ற லாரிகளின் சுமை ஏற்றிய நிலையிலேயே இறங்கும். இவ்வண்டியின் சுமையோ ஏற்றிய நொடியிலிருந்து மாறிக்கொண்டே இருக்கிறது. அம்மாற்றத்திற்கு ஒரு கெடுவும் உண்டு. அச்சுமை பிறருடைய வீட்டின் கூரையாகவும் தூணாகவும் ஆகப்போவது. எனவே இத்தொழிலில் அடியெடுத்து வைக்கும் இளைஞரும், அவரை அனுப்பிவைக்கும் இல்லத்தாரும் சில செய்திகளைத் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம்.

வண்டி பிறந்த வரலாறு

ஒரு காலத்தில் கான்கிரீட் என்பது கட்டட வாசலிலேயே மண்வெட்டியால் கிளறப்பட்டது. கலவையை வேறோரிடத்தில் ஆயத்தம் செய்து கட்டடத்திற்கு எடுத்துச் செல்லும் முறைக்கு, ஜெர்மனியைச் சேர்ந்த யூர்கன் ஹைன்ரிஷ் மாகென்ஸ் என்பவர் 1903-இல் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1913-இல் இத்தகைய ஆயத்தக் கலவை முதன்முதலாகக் கொண்டுபோய்க் கொடுக்கப்பட்டது. ஆனால், வழியிலேயே அது இறுகத் தொடங்கியதும், ஜல்லி அடியில் தங்கிக் கலவை பிரிந்ததும் பெரும் தொல்லையாக இருந்தன.

இத்தொல்லைக்கு விடை கண்டவர் ஆர்மீனியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஸ்டீஃபன் ஸ்டெபானியன். செல்லும்போதே கலக்கும் லாரி ஒன்றை வடிவமைத்து 1916-இல் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். கலக்கும் இயந்திரத்தின் பாரத்தை ஒரு லாரி தாங்காது என்று கூறி அவ்விண்ணப்பத்தை 1917-இல் தள்ளிவிட்டனர். அவர் தளரவில்லை. 1928-இல் மீண்டும் விண்ணப்பித்து, 1933-இல் காப்புரிமை பெற்றார். பிழைப்புத் தேடி அயல்நாடு சென்ற ஒருவருடைய விடாமுயற்சியின் பயனே இன்று உலகெங்கும் சுழலும் இவ்வுருளை.

நம் நாட்டில் ஆயத்தக் கலவைக்கான இந்தியத் தர விதி முன்பே வெளியிடப்பட்டு, 2003-இல் திருத்தப்பட்டது. எனினும் இத்தொழில் மும்பை, புனே போன்ற நகரங்களில் வணிக முறையில் வேரூன்றியது 1990-களில்தான். பின்னர்ச் சென்னை, பெங்களூரு என்று பரவி இன்று சிற்றூர்களையும் எட்டியிருக்கிறது. அடுக்குமாடிகளும் மேம்பாலங்களும் மட்டுமல்ல, தென்காசி வட்டாரத்தின் மலைக்கணவாய்க் காற்றில் சுழலும் காற்றாலைகளும் இவ்வண்டிகளுக்கு வேலை தருகின்றன. பெரிய காற்றாலை ஒன்றின் அடித்தளத்திற்குச் சில நூறு கன மீட்டர் கான்கிரீட்டை இடைவிடாமல் ஒரே மூச்சில் இட வேண்டும். 300 கன மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஆறு கன மீட்டர் கொள்ளும் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக 50 நடை வர வேண்டும். இடையில் ஒரு வண்டி தாமதித்தாலும், முன்னர் இட்ட கலவை இறுகிப் பின்னர் இடுவதோடு ஒட்டாமல் போய்விடும்.

உருளைக்குள் நடப்பது என்ன?

உருளையின் உட்புறத்தில், திருகாணியின் புரியைப் போன்ற இரும்புத் தகடுகள் சுற்றிச் சுற்றி அமைந்துள்ளன. உருளை ஒரு திசையில் சுழலும்போது இத்தகடுகள் கலவையை உள்ளே தள்ளிக் கலக்குகின்றன. எதிர்த்திசையில் சுழற்றினால் அதே தகடுகள் கலவையை வெளியே தள்ளிச் சரிவுத் தகட்டின் வழியே இறக்குகின்றன. வழியில் செல்லும்போது நிமிடத்திற்கு 2 முதல் 6 சுற்றுகள் வரை மெதுவாகச் சுழன்றால் போதும். இடத்தைச் சேர்ந்தபின், இறக்குவதற்கு முன்பாக ஓரிரு நிமிடங்கள் வேகமாகச் சுழற்றிக் கலவையை ஒருசீராக்க வேண்டும்.

பெரும்பாலான வண்டிகளில் உருளையைச் சுழற்றுவது லாரியின் எஞ்சினே. எஞ்சின் நின்றால் உருளையும் நின்றுவிடும். ஆகையால் தேநீர்க் கடை ஓரமாக வண்டியை அணைத்து வைத்துவிட்டுச் சற்றே கண்ணயரும் பழக்கம் இங்கே செல்லாது. சுமை ஏற்றிய நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்திற்குள் கலவையை இறக்கிவிட வேண்டும் என்பது இந்தியத் தர விதியின் பொதுவான வரம்பு. இறுகலைத் தாமதப்படுத்தும் மருந்து சேர்த்திருந்தால் மட்டுமே அவ்வரம்பு நீளும். கோடை வெயிலில் கலவை இன்னும் விரைவாக இறுகும். புதியவர் முதல் நாளே கற்க வேண்டியது, சலானில் குறித்துள்ள ஏற்றிய நேரத்தைப் பார்த்து, வழித்தூரத்தையும் நெரிசலையும் அதனோடு கூட்டிக் கணக்கிடுவதாகும்.

வழியில் வண்டி பழுதாகிவிட்டால் என் செய்வது? உடனே ஆலைக்குத் தெரிவிக்க வேண்டும், மறைக்கக் கூடாது. நேரம் தவறினால் உருளைக்குள்ளேயே டன் கணக்கில் பாறையாக இறுகிவிடும். சர்க்கரை சிமெண்டின் இறுகலைத் தடுக்கும் தன்மையுடையது. சிமெண்டின் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்கு சேர்ந்தாலே இறுகல் பல மணி நேரம் தள்ளிப்போகும். ஆதலால் ஆபத்து வேளைக்கென்று சர்க்கரை வைத்திருக்கும் ஓட்டுநர்களும் உண்டு. அது உருளையைக் காக்கும் வழியே தவிர, அக்கலவையைக் கொண்டுபோய் ஒருவர் வீட்டில் கொட்டுவதற்கான வழியன்று.

உரிமம் பெறும் முறை

போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 வயது நிறைந்திருக்க வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கூறுகிறது. இலகுரக வாகன உரிமம் பெற்றுக் குறைந்தது ஓராண்டு கழிந்த பின்னரே போக்குவரத்து வாகனத்திற்கான பழகுநர் உரிமம் கேட்க முடியும். முன்பு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கட்டாயமாக இருந்தது. 2019-இல் அந்நிபந்தனை நீக்கப்பட்டது. இலகுரக உரிமம் உள்ளவர் 7,500 கிலோ வரையிலான சரக்கு வாகனத்தை ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது உண்மைதான். ஆனால் கலவை லாரி அவ்வரம்பிற்கு வெகுதூரம் அப்பாற்பட்டது. ஒரு கன மீட்டர் கான்கிரீட்டின் எடை ஏறத்தாழ 2.4 டன். ஆறு கன மீட்டர் என்றால் சுமை மட்டுமே 14 டன்னைத் தாண்டிவிடும். கனரக உரிமம் இல்லாமல் இதில் அமர்வது சட்டப்படி குற்றம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகைக்கும் வழக்கு வரும்.

உரிமம் பெறுவது வேறு, பயிற்சி பெறுவது வேறு. கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் கனரக ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியும், லாரித் தொழிலுக்குப் பெயர் பெற்ற நாமக்கல்லில் அசோக் லேலண்டு ஓட்டுநர் பயிற்சி நிலையமும் உள்ளன. இடைத்தரகரிடம் பணம் கொடுத்து அட்டையை மட்டும் வாங்கிக்கொண்டு வருபவர், முதல் வளைவிலேயே தம் அறியாமையை உணர நேரும். கிளீனராகச் சில மாதங்கள் இருந்து, மூத்த ஓட்டுநரின் அருகில் அமர்ந்து கண்ணால் கற்றுப் பின்னர் ஸ்டியரிங்கைத் தொட்டவர்களே இத்தொழிலில் நிலைத்து நிற்கின்றனர். அவசரப்படும் பெற்றோர் இதனை மனத்திற் கொள்ள வேண்டும்.

வளைவில் காத்திருக்கும் ஆபத்து

மணல் லாரியின் சுமை தாழ்வாக, அசையாமல் கிடக்கும். கலவை லாரியின் சுமையோ உயரத்தில் இருக்கிறது, குழம்பாக இருக்கிறது, அதற்குமேல், சுழலும் உருளை அதனை ஒரு பக்கமாக ஏற்றி நிறுத்துகிறது. ஆகவே மற்ற லாரி தாராளமாகத் திரும்பும் வேகத்தில் இவ்வண்டி கவிழ்ந்துவிடக் கூடும். புளியரைக் கணவாய் போன்ற மலைச் சாலைகளில் மட்டும் எச்சரிக்கையாக இருந்தால் போதும் என்று எண்ணலாகாது. சமவெளியில் உள்ள சாதாரண ரவுண்டானாவிலும், மேம்பாலத்தின் இறக்கத்திலும் மிதமான வேகத்திலேயே இது சாயும். 2023 பிப்ரவரியில் பெங்களூரு பன்னேர்கட்டா சாலைப் பகுதியில் கலவை லாரி ஒன்று காரின்மீது கவிழ்ந்ததில், ஒரு தாயும் பள்ளிக்குச் சென்றுகொண்டிருந்த அவர் மகளும் அவ்விடத்திலேயே உயிரிழந்தனர். நாட்டையே உலுக்கிய அச்செய்தியைப் புதிய ஓட்டுநர் ஒவ்வொருவரும் நினைவில் நிறுத்த வேண்டும்.

மூத்த ஓட்டுநர்கள் கூறும் விதி எளிது. வளைவில் நுழைந்தபின் பிரேக் பிடிக்காதே. நுழையும் முன்பே வேகத்தைக் குறை. சுமையோடு செல்லும்போது உருளையை மெதுவாகவே சுழலவிடு. பின்னோக்கி வரும்போது கிளீனரைக் கண்ணாடியில் தெரியுமாறு நிறுத்தி, அவர் கண்ணிலிருந்து மறைந்த அக்கணமே வண்டியை நிறுத்து. கட்டடப் பள்ளத்தின் ஓரத்திற்குப் போகாதே. பள்ளம் எத்தனை அடி ஆழமோ அத்தனை அடி தூரத்திலாவது சக்கரம் நிற்கட்டும். தலைக்குமேல் மின்கம்பி செல்கிறதா என்று இறங்கிப் பார்த்த பின்னரே உள்ளே வா. நம் ஊர்த் தெருக்களில் வீட்டு வாசலில் குழந்தைகள் விளையாடுவதும், வேடிக்கை பார்க்க ஓடி வருவதும் வழக்கம். உயரமான இருக்கையில் அமர்ந்திருப்பவருக்கு வண்டியின் முன்னால் ஒட்டி நிற்கும் குழந்தை தெரியாது. இந்த உண்மையை ஓட்டுநரைவிட நம் தாய்மார்கள் அதிகமாக அறிந்திருக்க வேண்டும்.

“கொஞ்சம் தண்ணி விடுங்க தம்பி”

இத்தொழிலில் புதியவரைச் சோதிக்கும் உண்மையான சோதனை சாலையில் இல்லை. கட்டட வாசலில் இருக்கிறது. வண்டி வந்து நிற்கும். கலவை சற்றுக் கெட்டியாக இருக்கும். அள்ளிப் பரப்பும் தொழிலாளர்களுக்கு அது சிரமம். மேஸ்திரி அருகில் வந்து, “கொஞ்சம் தண்ணி விடுங்க தம்பி, சீக்கிரம் இறங்கிடும்” என்பார். கலவை லாரியிலேயே தண்ணீர்த் தொட்டியும் குழாயும் இருக்கின்றன. வால்வைத் திருகினால் போதும். வயதில் மூத்தவர் கேட்கிறார். அடுத்த நடைக்கும் நேரமாகிறது. பார்ப்பவர் எவரும் இல்லை. இருபத்திரண்டு வயது இளைஞர் என்ன செய்வார்?

அத்தண்ணீர் என்ன செய்கிறது என்பதை அறிந்தால், கை தானாகப் பின்வாங்கும். சிமெண்ட் இறுகுவதற்குக் குறிப்பிட்ட அளவு தண்ணீரே தேவை. அதற்கு மேற்பட்ட தண்ணீர் பின்னர் ஆவியாக வெளியேறி, தான் இருந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளை விட்டுச் செல்கிறது. தண்ணீருக்கும் சிமெண்டுக்கும் உள்ள விகிதமே கான்கிரீட்டின் வலிமையைத் தீர்மானிக்கிறது என்பதை அமெரிக்கப் பொறியாளர் டஃப் ஆப்ராம்ஸ் 1918-லேயே சோதித்துக் காட்டினார். ‘எம் 25’ எனப்படும் தரமுள்ள கான்கிரீட்டில் 15 சென்டிமீட்டர் கனசதுரம் ஒன்று, 28 நாட்களில் ஏறத்தாழ 57 டன் பாரத்தைத் தாங்கும் வலிமை பெற வேண்டும். ஆறு கன மீட்டர் சுமையில் நான்கைந்து குடம், அதாவது 60 லிட்டர் தண்ணீரைக் கூடுதலாக ஊற்றினால், அவ்வலிமையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு போய்விடக் கூடும். மேலும் ஊற்றினால் மேலும் போகும். அத்துடன் வெடிப்பு வரும்; வெடிப்பின் வழியே ஈரம் இறங்கிக் கம்பி துருப்பிடிக்கும்.

ஆயிரம் சதுர அடித் தளத்தை ஐந்து அங்குல கனத்தில் போட, உத்திரங்கள் நீங்கலாக ஏறத்தாழ 12 கன மீட்டர் கான்கிரீட் வேண்டும். ஆறு கன மீட்டர் வண்டிக்கு அது இரண்டே நடை. அப்படியானால் ஒருவர் ஓட்டி வரும் ஒரு சுமை, ஒரு குடும்பத்தின் தலைக்கு மேலுள்ள கூரையில் சரிபாதி! கடையநல்லூரில் எழும்பும் வீடுகளில் எத்தனையோ வீடுகள், வளைகுடாவில் பல ஆண்டுகள் தனித்துக் கிடந்து ஒருவர் சேர்த்த பணத்தால் எழுபவை. அவர் அங்கே இருக்கிறார். தளம் இங்கே போடப்படுகிறது. அவர் கண்ணுக்குத் தெரியாத அத்தளத்திற்கு அந்நேரத்தில் பொறுப்பாளி யார்? பொறியாளர் பொறுப்பு, மேஸ்திரி பொறுப்பு என்பதெல்லாம் சரியே. ஆனால் வால்வின்மீது கை இருப்பது ஓட்டுநருக்கு.

அளவையில் குறை செய்வதை மார்க்கம் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறது என்பதை நம் இல்லங்களில் சிறுவரும் அறிவர். கல்லை வைத்து நிறுக்கும் தராசில் மட்டும் மோசடி இல்லை. கேட்ட தரத்தைக் குறைத்து, அது தெரியாதபடி கொடுப்பதும் மோசடியே. இங்கே சுமை கூடுகிறது; தரம் குறைகிறது. பிறர் ஒப்படைத்த பொருளை ஒப்படைத்தபடியே சேர்ப்பதற்குத்தான் அமானிதம் என்று பெயர்.

அப்படியானால் மேஸ்திரியிடம் சண்டையிடுவதா? தேவையில்லை. “அண்ணே, தண்ணி விட எனக்கு அனுமதி இல்லை. பிளாண்டுக்குப் போன் போட்டுத் தர்றேன், நீங்களே பேசிக்கிடுங்க” என்று பணிவாகச் சொன்னால் போதும். கலவை உண்மையிலேயே கெட்டியாக இருந்தால், ஆலையின் தரக் கட்டுப்பாட்டுப் பணியாளர் அதற்குரிய இளக்க மருந்தைச் சேர்க்கச் சொல்வார். தண்ணீர் சேர்த்தே ஆக வேண்டும் என்று வாடிக்கையாளர் வற்புறுத்தினால், எவ்வளவு, எத்தனை மணிக்கு, யார் சொல்லி என்பதைச் சலானில் எழுதிக் கையொப்பம் வாங்க வேண்டும். கையொப்பம் என்றதும் பெரும்பாலும் வற்புறுத்தல் நின்றுவிடும்.

கலவை சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையையும் ஓட்டுநர் அறிந்திருத்தல் நலம். 30 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு கூம்பில் கலவையை மூன்று அடுக்காக நிரப்பிக் குத்தி, கூம்பை மேலே தூக்கியதும் கலவை எவ்வளவு சரிகிறது என்று அளப்பார்கள். ‘ஸ்லம்ப்’ என்று சொல்லப்படுவது அதுவே. வீடு கட்டும் வாசகர்களும் கேட்டுப் பார்க்கலாம். நீங்கள் கேட்பது, நேர்மையாக நடக்க விரும்பும் ஓட்டுநருக்கும் துணையாக அமையும்.

உடல்நலத்தில் அலட்சியம் வேண்டாம்

ஈரச் சிமெண்ட் கடுமையான காரத்தன்மை உடையது. பூட்ஸுக்குள் புகுந்து சில மணி நேரம் தங்கினால் தோலைப் புண்ணாக்கிவிடும். முதலில் வலி தெரியாது, தெரியும்போது புண் ஆழமாகியிருக்கும். கண்ணில் தெறித்தால் உடனே சுத்தமான தண்ணீரால் நெடுநேரம் கழுவி மருத்துவரிடம் செல்ல வேண்டும். கையுறையும் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸும் கண்ணாடியும் ஆடம்பரமல்ல. வீட்டுக்கு வரும் வேலைத் துணிகளைக் குழந்தைகளின் துணிகளோடு சேர்த்துத் துவைக்காமல் தனியே துவைப்பது நல்லது.

ஒவ்வொரு நடை முடிந்ததும் உருளையையும் சரிவுத் தகட்டையும் கழுவ வேண்டும். கழுவிய நீரைக் கால்வாயிலோ குளத்திலோ விடுவது பயிருக்கும் மீனுக்கும் கேடு. ஆலையில் அதற்கென உள்ள தொட்டியிலேயே விட வேண்டும். கழுவாமல் விட்டால் தகடுகளில் கான்கிரீட் படிந்து பாறையாகிவிடும். பின்னர் அதனை உடைக்க ஆள் உள்ளே இறங்க நேரும். அது உயிருக்கே ஆபத்தான வேலை. உள்ளே காற்றோட்டம் இல்லை. உடைக்கும்போது எழும் தூசி நுரையீரலை அரிப்பது. ஒருவர் உள்ளிருப்பதை அறியாமல் மற்றொருவர் எஞ்சினை இயக்கிவிட்டால் முடிவு கொடியது. புதிதாகச் சேர்ந்த சிறுவயதுக் கிளீனர்களைத்தான் பெரும்பாலும் உள்ளே இறக்குகின்றனர். சாவியை எடுத்துத் தம் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளாமல், வெளியே ஓர் ஆளை நிறுத்தாமல், எவரும் உள்ளே இறங்கலாகாது. ‘பயப்படுகிறான்’ என்று பிறர் நகைத்தாலும் சரியே.

வளைகுடாவுக்குச் செல்ல விரும்புவோர்க்கு

துபாயிலுள்ள புர்ஜ் கலீஃபா கோபுரத்தின் பணி 2004-இல் தொடங்கி, 2010 ஜனவரியில் திறப்பு விழா கண்டது. அதற்குச் செலவான கான்கிரீட் 3,30,000 கன மீட்டர். ஆறு கன மீட்டர் வண்டியில் ஏற்றினால் 55,000 நடை! அங்கே கோடையில் பகல் வெப்பத்தைத் தவிர்க்க இரவிலேயே கான்கிரீட் இட்டனர். கலக்கும் தண்ணீரில் ஒரு பகுதியைப் பனிக்கட்டியாகச் சேர்த்தனர். வளைகுடாவில் கலவை லாரி ஓட்டுவது என்றால் இரவுப் பணி வழக்கமானது என்பதை இதிலிருந்தே உணரலாம். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கத் தடை உண்டு. ஆனால் பாதியில் நிறுத்த முடியாத கான்கிரீட் பணி போன்றவற்றிற்கு அதில் விலக்கும் உண்டு.

நம் நாட்டு உரிமத்தை வைத்துக்கொண்டு அங்கே நேராகக் கனரக வண்டியில் ஏற முடியாது. அந்நாட்டு உரிமத்தைப் பயிற்சி பெற்றுத் தேர்வெழுதியே பெற வேண்டும். அச்செலவை நிறுவனம் ஏற்கிறதா, சம்பளத்தில் பிடிக்கிறதா, தேர்வில் தவறினால் என்ன வேலை தருவார்கள் என்பவற்றைப் புறப்படும் முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒப்பந்தத்தில் ‘கனரக ஓட்டுநர்’ என்று இருக்கிறதா, வெறும் ‘தொழிலாளி’ என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘ஃப்ரீ விசா’ என்ற பெயரில் விற்கப்படும் விசாவில் சென்று, ஒரு முதலாளியின் பெயரில் இறங்கி வேறொருவரிடம் வண்டி ஓட்டுபவர், விபத்து நேர்ந்தால் கேட்பாரற்று நிற்பார்.

பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா போன்றவற்றிற்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். 1983-இன் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற முகவரா என்பதை மத்திய அரசின் ‘இ-மைகிரேட்’ இணையதளத்திலேயே பார்த்துவிடலாம். அவ்வனுமதியோடு செல்பவர்க்குப் ‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’ என்னும் காப்பீடும் உண்டு. விபத்தில் உயிரிழந்தாலோ நிரந்தர ஊனமுற்றாலோ 10 லட்ச ரூபாய் வரை கிடைக்கும். நகையை அடகு வைத்துப் பணம் கட்டும் முன், இரண்டு நாள் ஒதுக்கி இவற்றைச் சரிபார்ப்பதில் குடும்பத்திற்கு நட்டம் ஏதுமில்லை.

இல்லத்தாரின் பங்கு

வண்டி ஓட்டுபவரின் மகனோ சகோதரனோ கணவரோ, அவருடைய தூக்கம் வீட்டாரின் கையில் இருக்கிறது. மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர்க்கான 1961-ஆம் ஆண்டுச் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்திற்கு 48 மணி நேரம் என்று வேலையை வரையறுத்தது. பின்வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் நாளுக்கு எட்டு மணி நேரம் என்ற அளவே நிற்கிறது. நடைக்கு இவ்வளவு என்று படி கிடைக்கும் இடங்களிலோ, கூடுதல் நடைக்கு ஆசைப்பட்டு இரவையும் பகலையும் சேர்த்து ஓட்டுகின்றனர். “இன்னும் இரண்டு நடை அடித்தால் கடன் அடையும்” என்று வீட்டிலிருந்தே தூண்டுதல் வருமானால், அவர் யாரிடம் போய் களைப்பைச் சொல்வார்? இரவுப் பணி முடித்து வந்தவரைப் பகலில் உறவினர் வருகை, திருமண அழைப்பு, கடைச் சாமான் என்று எழுப்பாமல் உறங்கவிடுவது, அவருக்குச் செய்யும் பெரும் உபகாரம். அவர் ஓட்டிக்கொண்டிருக்கும் வேளையில் தொலைபேசியில் அழைப்பதும் தவிர்க்கத்தக்கது.

ரமலானில் இன்னும் கவனம் வேண்டும். ஸஹருக்கு எழுந்து, பிற்பகல் வெயிலில் 25 டன் வண்டியை ஓட்டும்போது கண் சொக்குவது இயல்பு. கூடுமானவரை காலை நடைகளை மேலாளரிடம் கேட்டு வாங்கிக்கொள்வதும், இரவில் முன்னதாக உறங்குவதும் நலம். தொழுகை வேளையும் அவ்வாறே. உருளையில் சுமையை வைத்துக்கொண்டு, நேரம் முடியப்போகிறதே என்று பதறுவதைவிட, வெள்ளிக்கிழமை நடைகளை ஜும்ஆவுக்கு முன்னும் பின்னுமாக அமைத்துத் தருமாறு ஆலையில் முன்கூட்டியே பேசிக்கொண்டால், பெரும்பாலான இடங்களில் அதற்கு வழி பிறக்கும். பயணத்திலும் தொழில் நெருக்கடியிலும் மார்க்கம் தந்துள்ள சலுகைகளை ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறலாம்.

நம் சமுதாயத்தில் ‘டிரைவர்’ என்றால் சற்றே தாழ்வாகப் பார்க்கும் வழக்கம் இன்னும் முற்றிலும் நீங்கவில்லை. பெண் கேட்டு வருபவரின் படிப்பையும் சம்பளத்தையும் விசாரிக்கிறோம். அவர் கையில் எத்தனை பேருடைய உயிரும் உடைமையும் பத்திரமாக இருக்கின்றன என்று விசாரிப்பதில்லை. குடித்துவிட்டு ஓட்டாத, தண்ணீர் கலக்காத, வளைவில் நிதானம் தவறாத ஓர் ஓட்டுநர், தாம் அறியாத குடும்பங்களுக்கெல்லாம் காவலராக இருக்கிறார். அக்குடும்பங்கள் அவர் பெயரை ஒருபோதும் அறியப்போவதில்லை. அவர்களுடைய கூரை ஒழுகாமல், வெடிக்காமல், பேரப்பிள்ளைகளின் காலம்வரை நிற்கும்.

இவ்வாண்டு இத்தொழிலில் சேரவிருக்கும் இளைஞர்களே! உரிமத்தை முறையாகப் பெறுங்கள். மூத்தவரின் அருகில் அமர்ந்து பழகுங்கள். கடிகாரத்தையும் வளைவையும் மதியுங்கள். தண்ணீர் வால்வைத் திருகச் சொல்பவர் எவராயினும் பணிவோடு மறுத்துவிடுங்கள். ஹலாலான ஊதியத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒவ்வோர் இரவும் நீங்கள் நலமாகத் திரும்ப எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக!